பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராம்புரத்திலும் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு இதுதான் அன்றாடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஆங்கில எழுத்து வாசிக்க வராத அம்மாவும் பாட்டியும்கூடப் பிள்ளையோடு உட்கார வேண்டும் என்பதால் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். ஸ்பெல்லிங்குக்குப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் (சொல் வகைகள்) எட்டா, ஒன்பதா? அக்கா புத்தகத்தில் ஒரு கணக்கு, தம்பி புத்தகத்தில் வேறு கணக்கு இருக்கிறதே?

இரண்டும் சரி. பழைய கணக்கு எட்டு: நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், ப்ரிபொசிஷன், கஞ்சங்ஷன், இன்டர்ஜெக்ஷன். தமிழில் முறையே பெயர்ச்சொல், பிரதிப்பெயர், வினைச்சொல், பெயரடை, வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரேக்க இலக்கணக்காரர்களும் எட்டுதான் வைத்தார்கள். அதில் ஆர்ட்டிகிளுக்கு (ஆங்கிலத்தின் 'ஏ, ஆன், தி' போன்ற சொற்களுக்கு) தனி இடம் இருந்தது. லத்தீன் மொழியில் ஆர்ட்டிகிளே கிடையாது. அதனால் அதை எடுத்துவிட்டு வியப்புச்சொல்லைச் சேர்த்து, எட்டு என்ற கணக்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்த லத்தீன் பட்டியலைத்தான் ஆங்கிலம் வாங்கிச் சற்று மாற்றிக்கொண்டது. ஆனால் ஆங்கிலத்தில் 'ஏ, ஆன், தி' இருக்கின்றனவே, அவற்றை எங்கே வைப்பது? சில புத்தகங்கள் அட்ஜெக்டிவோடு சேர்க்கின்றன. சில புத்தகங்கள் 'மை, திஸ், சம்' போன்றவற்றையும் கூட்டி 'டிட்டர்மினர்' என்று ஒன்பதாவது வகையாக்குகின்றன. பரீட்சைக்கு, பிள்ளையின் வகுப்புப் புத்தகம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதட்டும்.

'வாட்டர்' என்பது நவுன் என்று மகன் எழுதினான். தப்பு என்று அடித்துவிட்டார்கள். தண்ணீர் பொருள்தானே?

கேட்ட வாக்கியம் என்ன என்று பாருங்கள். 'வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்றிருந்தால் அங்கே 'வாட்டர்' தண்ணீர் இல்லை, 'தண்ணீர் ஊற்று'. ஆகவே வெர்ப். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் வகை அகராதியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதில்லை. அந்த வாக்கியத்தில் அது என்ன வேலை பார்க்கிறதோ அதுதான் வகை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குப் பாதி இலக்கணம் வந்த மாதிரி. பிடிக்காத பிள்ளை நூறு நவுன் மனப்பாடம் செய்தாலும் தடுமாறும்.

தமிழிலும் இது உண்டு. 'படி' என்றால் மாடிப்படியா, பாடம் படிப்பதா, அரிசி அளக்கும் படியா? வாக்கியம் வந்தால்தான் தெரியும். ஆங்கிலத்தில் 'லைட்' அதே மாதிரி. 'ஸ்விட்ச் ஆஃப் தி லைட்' என்பதில் விளக்கு, நவுன். 'லைட் தி லேம்ப்' என்பதில் ஏற்று, வெர்ப். 'ஏ லைட் பாக்ஸ்' என்பதில் கனமில்லாத, அட்ஜெக்டிவ்.

அடிக்கோடிட்ட சொல்லின் வகை கேட்டால், பிள்ளை இந்த வரிசையில் பார்க்கட்டும்:

1. வாக்கியம் முழுவதையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை மட்டும் வெறித்துப் பார்த்தால் விடை வராது.
2. அந்தச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு தமிழில் கேள்வி கேட்க வேண்டும். 'யார், எது, எதை' என்றால் நவுன் அல்லது ப்ரோநவுன். 'என்ன செய்தது' என்றால் வெர்ப். 'எப்படிப்பட்ட, எத்தனை' என்றால் அட்ஜெக்டிவ். 'எப்படி, எப்போது, எங்கே' என்று செயலைப் பற்றிக் கேட்டால் அட்வெர்ப்.
3. பக்கத்துச் சொல்லைப் பார்க்க வேண்டும். 'ஏ, ஆன், தி, மை' வந்தால் பின்னால் ஒரு நவுன் கட்டாயம் வரும். நடுவே அட்ஜெக்டிவ் நுழையலாம். 'கேன், வில், மஸ்ட்' வந்தால் பின்னால் வெர்ப்.
4. சந்தேகம் தீராவிட்டால், வகை நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை அந்த இடத்தில் போட்டுப் பார்க்கட்டும். பொருள் மாறினாலும் வாக்கியம் நின்றால் இரண்டும் ஒரே வகை.

எந்த வகுப்பில் எதைத் தொடங்குவது?

ஒன்றாம் வகுப்புக்கு நவுனும் வெர்பும் போதும். பெயர்களைக்கூடச் சொல்ல வேண்டாம், 'பெயர் சொல்லும் சொல்', 'செய்யும் சொல்' என்றாலே போதும். இரண்டில் அட்ஜெக்டிவ், 'ஹி, ஷி, இட், தே'. மூன்றில் ஆர்ட்டிகிளும் எளிய ப்ரிபொசிஷனும். அட்வெர்ப், கஞ்சங்ஷன் நான்காம் வகுப்பில் வரட்டும். அதற்கு முன்பே எட்டையும் ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை.

பர்சன், பிளேஸ், திங் எல்லாம் நவுன் என்று சொல்லிக்கொடுத்தோம். 'மண்டே', 'ஹானஸ்டி' எல்லாம் எதில் சேரும்?

அந்த விளக்கம் சின்ன வகுப்புக்குத்தான். திங்கட்கிழமையைத் தொட முடியாது, நேர்மையைப் பையில் போட முடியாது, இரண்டும் நவுன்தான். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு வேறு சோதனை கொடுங்கள்: முன்னால் 'தி' அல்லது 'மை' போட முடிகிறதா, வாக்கியத்தில் எழுவாயாக நிற்க முடிகிறதா. 'மை ஹானஸ்டி' சரியாக ஒலிக்கிறது, 'மை ஹானஸ்ட்' தொங்குகிறது. முதலாவது நவுன், இரண்டாவது அட்ஜெக்டிவ்.

நவுனில் மார்க் போகும் இடங்கள் மூன்று.

பெரிய எழுத்து. தமிழிலும் கன்னடத்திலும் கேப்பிட்டல் லெட்டர் என்ற சங்கதியே இல்லை, அதனால் கை தானாகப் போகாது. ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை, மாதம், மொழி எல்லாவற்றுக்கும் கேப்பிட்டல். 'தமிழ்', 'கன்னடா' என்று மொழியை எழுதும்போது மறக்கிற பிள்ளைகள் அதிகம். ஆனால் 'சம்மர், விண்டர்' போன்ற பருவங்களுக்குச் சின்ன எழுத்துதான்.

எண்ண முடியாதவை. 'ஹோம்வொர்க், ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ்' இவற்றுக்கு 'எஸ்' சேர்க்கக் கூடாது, முன்னால் 'ஏ' போடவும் கூடாது. இரண்டு நாற்காலியும் மேசையும் வாங்கினாலும் 'ஃபர்னிச்சர்'தான். எண்ணிக்கை வேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. தலைமுடியும் அப்படியே: தலை நிறைய இருந்தாலும் 'மை ஹேர் இஸ் லாங்'. தோசையில் ஒன்று கிடந்தால் மட்டும் 'ஏ ஹேர்'.

மூன்றாவது, 'ஒன் ஆஃப் மை' என்று தொடங்கினால் பின்னால் பன்மை. 'என் நண்பர்களில் ஒருவன்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தாலே 'ஃப்ரெண்ட்ஸ்' என்று வரும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதுவது அவசரம்.

தாத்தாவைப் பற்றி எழுதும்போது மகள் 'தே' போடுகிறாள். மரியாதைக்காகத்தானே? ஏன் தப்பு?

தமிழில் 'அவர், அவங்க', கன்னடத்தில் 'அவரு' எல்லாம் மரியாதையும் பன்மையும் கலந்த சொற்கள். பிள்ளை அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது: 'மை தாத்தா இஸ் இன் சேலம். தே ஆர் வெரி ஓல்ட்.' படிப்பவர் இரண்டு தாத்தாக்களைத் தேடுவார். ஆங்கிலப் ப்ரோநவுனில் மரியாதைக்கு இடமில்லை. தாத்தாவும் 'ஹி', தெருவில் ஓடும் பையனும் 'ஹி'. நாட்டின் ஜனாதிபதி பெண்ணாக இருந்தால் அவரும் 'ஷி'. வீட்டில் கேட்கக் கூசினாலும் இலக்கணம் அதுதான். மரியாதையைக் காட்ட 'மிஸ்டர், மிஸஸ், சர், மேடம்' உண்டு.

நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே 'யூ'. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்', சேர்க்காமல் சொல்லும் 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே 'வீ'. இந்த இடத்தில் தமிழ்தான் நுணுக்கமானது. பிள்ளைக்கு இங்கே கற்க வேண்டியது எதுவும் இல்லை, இரண்டை ஒன்றாக்கிக்கொண்டால் போதும்.

'இட்' வேறு கதை. மழை பெய்தால் நம் பிள்ளைகள் 'ரெயின் இஸ் கமிங்' என்கிறார்கள். 'மழை வருது' என்று தமிழில் சொல்கிறோம், கன்னடத்திலும் மழை 'வரத்தான்' செய்கிறது. ஆங்கிலத்தில் 'ரெயின்' என்பதையே வெர்பாக்கி 'இட் இஸ் ரெய்னிங்' என்பார்கள். அந்த 'இட்' எதையும் குறிக்கவில்லை. எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக உட்கார்ந்திருக்கிறது. 'இட் இஸ் லேட்', 'இட் இஸ் ஃபைவ் ஓ கிளாக்', 'இட் இஸ் ஹாட் டுடே' எல்லாம் இதே வகை. நேரம், வானிலை, தூரம் மூன்றுக்கும் 'இட்' என்று ஒரு வரியில் எழுதி ஒட்டிவையுங்கள்.

'திஸ் மை பேக்' என்று எழுதுகிறான். நடுவில் 'இஸ்' எங்கே போகிறது?

'இது என் பை.' இந்தத் தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே? இல்லை. கன்னடத்தில் 'இது நன்ன புஸ்தக' என்றாலும் இல்லை. பிள்ளையின் இரண்டு மொழியிலும் இல்லாத ஒன்றை மூன்றாவது மொழி கேட்கிறது, அதனால் விடுபட்டுப் போகிறது. ஆங்கிலத்தில் வெர்ப் இல்லாமல் முழு வாக்கியம் கிடையாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியிலும் வெர்பின் கீழ் சிவப்புப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழாத வரியில் பெரும்பாலும் 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' காணாமல் போயிருக்கும்.

'ஷி கோ', 'ஹி டிட் நாட் வென்ட்'. இந்த இரண்டும் போகவே மாட்டேன் என்கிறது.

ஆங்கில இலக்கணத்தில் அதிக நாள் எடுக்கும் இடம் இதுதான். ஆறாம் வகுப்பிலும் வந்தால் பதற வேண்டாம்.

முதலில் 'ஷி கோஸ்'. தமிழ் வினை ஆளுக்கு ஆள் மாறும்: போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள். 'ஆம், இஸ், ஆர்' தவிர, ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மாற்றம்: 'ஹி, ஷி, இட்', அல்லது ஒற்றை ஆள், ஒற்றைப் பொருள். ஒரே இடம் என்பதாலேயே மறக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு 'ஒரு எஸ்' என்ற வழி உதவும். 'தி டாக் பார்க்ஸ்', 'தி டாக்ஸ் பார்க்'. எழுவாயில் 'எஸ்' இருந்தால் வினையில் இல்லை, வினையில் இருந்தால் எழுவாயில் இல்லை. 'சில்ட்ரன், மென்' போன்ற பன்மைகளுக்கு இந்த வழி செல்லாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது 'டிட் நாட் வென்ட்'. கேள்வி கேட்கவும் மறுக்கவும் ஆங்கிலத்துக்கு 'டூ, டஸ், டிட்' என்ற துணை வேண்டும். இறந்தகாலத்தின் அடையாளத்தை அந்தத் துணையே வாங்கிக்கொள்கிறது. பிறகு முக்கிய வினைக்கு அது மிச்சமில்லை. 'வென்ட்' என்பதில் இருந்த காலம் 'டிட்'டுக்குப் போய்விட்டது, திரும்ப வெறும் 'கோ' ஆகிவிட்டது. 'டஸ் ஷி லைக்' என்பதும் இப்படியே: 'லைக்ஸ்' வாலில் இருந்த 'எஸ்' 'டஸ்'ஸுக்குப் போய்விட்டது. ஒரு காகிதத் துண்டில் 'எஸ்' என்று எழுதி, வெர்பிலிருந்து எடுத்து 'டூ' பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

மாற வேண்டிய இன்னொன்று 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங்'. தெரிவது, பிடிப்பது, வைத்திருப்பது, வேண்டியிருப்பது எல்லாம் நிலை. நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. இவற்றுக்கு 'இங்' போடக் கூடாது: 'ஐ ஹேவ், ஐ நோ, ஐ வான்ட், ஐ லைக்'. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' சரி, அங்கே அது செயல்.

இறந்தகாலச் சொற்களை எப்படி மனப்பாடம் செய்வது?

அகர வரிசையில் வேண்டாம். குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாறாத குடும்பம்: 'கட், புட், ஹிட், ஷட், ஹர்ட்'. நடு உயிர் மாறும் குடும்பம்: 'சிங், சாங், சங்'; இதே வழியில் 'ட்ரிங்க், ஸ்விம், ரிங், பிகின்'. 'ஆட்' என்று முடியும் குடும்பம்: 'பிரிங், பை, திங்க், கேட்ச், டீச்' ஐந்தும் 'பிராட், பாட், தாட், காட், டாட்' ஆகும். வாரத்துக்கு ஒரு குடும்பம், ஐந்து சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். 'கோ, வென்ட், கான்' எந்தக் குடும்பத்திலும் சேராத தனிக்கட்டை.

'ஏ'யா 'ஆன்'னா? உயிரெழுத்து பார்த்துப் போட்டாலும் தப்பாகிறதே?

எழுத்தைப் பார்த்துப் போடுவதுதான் தப்பு. காது கொடுத்துப் போட வேண்டும். அடுத்த சொல்லின் முதல் ஒலி உயிரொலி என்றால் 'ஆன்'. 'யூனிஃபார்ம்', 'யுனிவர்சிட்டி' இரண்டும் ஆங்கிலத்தில் 'யு' என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'ய்'. எனவே 'ஏ யூனிஃபார்ம்'. 'ஹானஸ்ட்' என்பதில் 'எச்' எழுதப்படும், ஆனால் சரியான உச்சரிப்பு 'ஆனஸ்ட்'; எனவே 'ஆன்'. மணி நேரத்துக்கான 'அவர்' என்ற சொல்லும் அப்படியே. 'ஆன் எம்எல்ஏ', 'ஆன் எல்இடி பல்ப்' என்பதும் ஒலிக் கணக்குதான்.

சொல்லைத் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்ல குறுக்குவழி: 'அ' முதல் 'ஔ' வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் 'ஆன்'. ஆனால் இரண்டு இடத்தில் நம் நாக்கு காலை வாரிவிடும். ஒன்று, பேச்சுத் தமிழிலும் கன்னடத்திலும் சொல் முதலில் வரும் 'எ'க்கு முன்னால் ஒரு 'ய்' ஒட்டிக்கொள்ளும்: 'யெக்', 'யெலிஃபன்ட்', 'யெக்ஸாம்'. பிள்ளை தன் காது கேட்டபடி 'ஏ எக்' என்று எழுதும். உச்சரிப்பைத் திருத்தாமல் ஆர்ட்டிகிளைத் திருத்த முடியாது. வாயை முதலிலேயே அகலத் திறந்து 'எ' என்று தொடங்கப் பழக்குங்கள். இன்னொன்று 'ஒன்'. நாம் 'ஒ' என்று எழுதினாலும் ஆங்கில உச்சரிப்பு 'வன்'. எனவே 'ஏ ஒன்-ருபீ காயின்'.

'தி' எப்போது? கேட்பவருக்கு எது என்று தெரிந்துவிட்டால். 'ஐ பாட் ஏ பென். தி பென் டஸ் நாட் ரைட்.' முதலில் ஏதோ ஒரு பேனா, அடுத்த வரியில் அந்தப் பேனா. தமிழில் 'ஒரு', 'அந்த' என்று போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். உலகில் ஒன்றே உள்ள 'தி சன், தி மூன்'. ஆற்றுக்கு உண்டு, 'தி காவேரி'; ஏரிக்கு இல்லை, 'அல்சூர் லேக்'; ஊருக்கும் இல்லை. 'கோ டு ஸ்கூல்' என்றால் படிக்கப் போவது. மகனின் ஃபீஸ் கட்ட அப்பா போனால் 'கோ டு தி ஸ்கூல்'.

இன், ஆன், அட் மூன்றுக்கும் தமிழில் 'இல்'தான். எப்படிப் பிரிப்பது?

சிக்கலின் வேரே அதுதான். (இந்த 'ஆன்' மேலே பார்த்த ஆர்ட்டிகிள் இல்லை, 'மேல்' என்று பொருள்படும் வேறு சொல்.) 'பெங்களூரில், எம்.ஜி. ரோட்டில், மெஜஸ்டிக்கில்' என்று நாம் ஒரே உருபைப் போடுகிறோம். கன்னடத்தில் 'அல்லி' போட்டால் போயிற்று. இன்னொன்று, நமக்கு உருபு சொல்லின் பின்னால் வரும், ஆங்கிலத்தில் முன்னால். பெயரிலேயே இருக்கிறது, 'ப்ரி' என்றால் முன்.

பெரிய இடத்தின் உள்ளே என்றால் 'இன் பெங்களூரு', 'இன் கர்நாடகா'. கோடு, பரப்பு என்றால் 'ஆன் எம்.ஜி. ரோட்', 'ஆன் தி டேபிள்', 'ஆன் தி வால்'. வரைபடத்தில் ஒரு புள்ளி மாதிரி நினைத்தால் 'அட் மெஜஸ்டிக்', 'அட் தி பஸ் ஸ்டாப்'. வண்டிகளில் ஒரு வேடிக்கை: உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன் தி பஸ், ஆன் தி மெட்ரோ', குனிந்து உட்கார மட்டும் முடிந்தால் 'இன் தி ஆட்டோ, இன் தி கார்'.

காலத்துக்கும் இதே மூன்று. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறந்த நாளை வைத்துச் சொன்னால், 'இன் 2009', 'இன் ஆகஸ்ட் 2009', ஆனால் நாள் வந்துவிட்டால் 'ஆன் 9 ஆகஸ்ட் 2009'. மணிக்கு 'அட்'. காலை, மாலைக்கு 'இன் தி மார்னிங், இன் தி ஈவினிங்'. இரவுக்கு மட்டும் 'அட் நைட்'. காரணம் தேடாதீர்கள், பழக்கம். 'லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி' வந்தால் முன்னால் எதுவும் வேண்டாம்: 'நெக்ஸ்ட் மண்டே', 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' இல்லை.

தமிழ் உருபை அப்படியே பெயர்த்து வைப்பதால் வரும் அதிகப்படிகளையும் கவனியுங்கள். 'என்னிடம் சொல்' என்பது 'டெல் மீ', நடுவில் 'டு' இல்லை. ஆனால் 'சே' வந்தால் 'சே டு மீ'. 'டிஸ்கஸ் அபவுட்' கிடையாது, 'டிஸ்கஸ்' என்றாலே அதைப் பற்றிப் பேசுவது. 'ரீச் டு ஸ்கூல்' இல்லை, 'ரீச் ஸ்கூல்'. 'ரிட்டர்ன் பேக்' வேண்டாம், 'ரிட்டர்ன்' போதும். 'என் மேல் கோபம்' என்பதை 'ஆங்க்ரி ஆன் மீ' ஆக்காமல் 'ஆங்க்ரி வித் மீ' என்று எழுத வேண்டும்.

அட்ஜெக்டிவ், அட்வெர்ப் இரண்டும் குழம்புகிறது. எளிய வழி உண்டா?

தமிழ்ப் பிள்ளைக்கு உண்டு. 'அழகான' அட்ஜெக்டிவ், 'அழகாக' அட்வெர்ப். 'ஆன' என்றால் 'பியூட்டிஃபுல் ஃபிளவர்', 'ஆக' என்றால் 'சிங்ஸ் பியூட்டிஃபுலி'. மெதுவான, மெதுவாக, 'ஸ்லோ, ஸ்லோலி'.

இந்த வழி ஓர் இடத்தில் உடையும், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.' 'ஆக' இருக்கிறதே என்று 'ஷி இஸ் ஹேப்பிலி' என்று எழுதிவிடுவார்கள். 'இரு' என்ற வினையோடு வரும் 'ஆக' செயலை விவரிக்கவில்லை, ஆளை விவரிக்கிறது. எனவே 'ஷி இஸ் ஹேப்பி'. 'சாப்பாடு சூடாக இருக்கிறது' என்பதும் 'தி ஃபுட் இஸ் ஹாட்'.

'லி' வால் இருந்தாலே அட்வெர்ப் என்றும் நம்ப வேண்டாம். 'ஃப்ரெண்ட்லி, லவ்லி, சில்லி' அட்ஜெக்டிவ்கள். 'ஃபாஸ்ட், ஹார்ட், லேட்' இரண்டு வேலையும் பார்க்கும். 'ரன் ஃபாஸ்ட்லி' என்று ஒன்று இல்லை. 'ஹார்ட்லி' என்று ஒரு சொல் உண்டு, ஆனால் பொருள் 'அரிதாகவே'. 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்லி' என்று ரிப்போர்ட் கார்டில் வந்தால் அது பாராட்டு இல்லை! 'குட்' அட்ஜெக்டிவ், 'வெல்' அட்வெர்ப்: 'ஷி சிங்ஸ் வெல்'.

சூடாச் சூடா இட்லி, சின்னச் சின்னத் துண்டு. கன்னடத்தில் 'பிசி பிசி'. இந்த இரட்டிப்பு நம் ஊர் அழகு, ஆங்கிலத்தில் இல்லை. 'ஹாட் ஹாட் இட்லி' என்பதை 'பைப்பிங் ஹாட் இட்லி' அல்லது 'வெரி ஹாட் இட்லி' என்றும், 'ஸ்மால் ஸ்மால் பீசஸ்' என்பதை 'ஸ்மால் பீசஸ்' என்றும் எழுத வேண்டும். ஒப்பிடும்போது 'மோர்' போட்டால் 'இஆர்' வேண்டாம்: 'டாலர்' (இன்னும் உயரமான) அல்லது 'மோர் பியூட்டிஃபுல்'. 'மோர் டாலர்' என்பது இரண்டு குடை பிடிப்பது.

'மை', 'ஹிஸ்' எல்லாம் ப்ரோநவுனா, அட்ஜெக்டிவா?

'மைன், ஹெர்ஸ், அவர்ஸ்' தனியாக நிற்கும், அவை ப்ரோநவுன்: 'திஸ் இஸ் மைன்'. 'மை, ஹெர், அவர்' பின்னால் நவுன் கேட்கும். பழைய புத்தகங்கள் அட்ஜெக்டிவ் என்கின்றன, புதியவை டிட்டர்மினர் என்கின்றன. 'ஹிஸ்' மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே உருவில் வரும். இங்கும் பிள்ளையின் பாடநூலே தீர்ப்பு.

கஞ்சங்ஷனில் என்ன தப்பு வரும்?

'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு 'பட்' என்றும் போடுவது, 'பிகாஸ்' போட்டுவிட்டு 'ஸோ'வும் போடுவது. இரண்டு பகுதியைக் கட்ட ஒரு கயிறு போதும். 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், வீ வென்ட் டு லால்பாக்'. அவ்வளவுதான்.

'ஐயோ' என்று எழுதலாமா?

இன்டர்ஜெக்ஷனாக எழுதலாம், பின்னால் ஆச்சரியக்குறி போட்டால் சரி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2016-இல் இதையும் சேர்த்துக்கொண்டது. என்றாலும் பரீட்சைத் தாளில் 'ஓ', 'அலாஸ்', 'ஹுர்ரே' போன்றவை பாதுகாப்பு.

'ஒய் யூ ஆர் லேட்?' என்று கேட்கிறார்கள். கேள்விக்குறி போட்டாகிவிட்டதே?

தமிழில் கேள்வி கேட்கச் சொற்களின் இடம் மாற வேண்டியதில்லை. 'ஏன்' அல்லது 'ஆ' சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வர வேண்டும். 'யூ ஆர் லேட்' என்பதில் 'ஆர்' முன்னே குதித்து 'ஆர் யூ லேட்', அதன் தலையில் 'ஒய்' சேர்ந்து 'ஒய் ஆர் யூ லேட்'. துணைவினை இல்லாத வாக்கியத்தில் 'டூ, டஸ், டிட்' கொண்டுவர வேண்டும்: 'வேர் டஸ் ஷி லிவ்'. பேச்சில் 'நோ?', 'இஸின்ட் இட்?' என்று எல்லாவற்றின் பின்னாலும் ஒட்டுவதும், 'தான்' என்ற பொருளில் 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்பதும் பெங்களூரில் எல்லார் வாயிலும் உண்டு. பேச்சில் விட்டுவிடலாம், எழுத்தில் திருத்துங்கள்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதலாமா?

தொடக்கத்தில் வேறு வழி இல்லை. ஆனால் வரிசையை மாற்றத் தெரிய வேண்டும். 'அம்மா சந்தையில் தக்காளி வாங்கினாள்' என்ற வாக்கியத்தை நான்கு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். கடைசியில் இருக்கும் வினையை எழுவாய்க்கு அடுத்துக் கொண்டுவாருங்கள். பிறகு எதை, பிறகு எங்கே: அம்மா, வாங்கினாள், தக்காளி, சந்தையில். இப்போது ஒவ்வொன்றாக மாற்றினால் 'அம்மா பாட் டொமேட்டோஸ் அட் தி மார்க்கெட்'. நான்காம் வகுப்புக்குள் கை பழகிவிடும், பிறகு காகிதம் வேண்டாம்.

எங்களுக்கு ஆங்கிலம் வராது. வீட்டில் என்ன செய்ய முடியும்?

தினம் 15 நிமிடம் போதும், ஞாயிறு விடுமுறை. பாடநூலில் படித்து முடித்த பக்கத்திலிருந்து 3 வாக்கியம் எடுக்கச் சொல்லுங்கள். புதுப் பக்கம் வேண்டாம். நவுனுக்கு நீலம், வெர்புக்குச் சிவப்பு, அட்ஜெக்டிவுக்குப் பச்சை என்று பென்சிலால் கோடு. நீங்கள் தமிழில் 'எது? என்ன செய்தது? எப்படிப்பட்டது?' என்று கேளுங்கள். பிள்ளை ஆங்கிலச் சொல்லைத் தொட்டுக் காட்டட்டும். காட்டத் தடுமாறினால் அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று கேளுங்கள். பல நேரம் குறை இலக்கணத்தில் இருக்காது, பொருள் தெரியாததாக இருக்கும். கடைசி 5 நிமிடம், அன்று நடந்ததைப் பற்றி 2 வரி எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வகைத் தப்பை மட்டும் பாருங்கள். இன்று 'இஸ்' விடுபட்டதைத் திருத்தினால் ஆர்ட்டிகிளை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்த பிள்ளை அடுத்த நாள் 2 வரியை ஒரு வரியாக்கிவிடும்.